டாப் லோடு வாங்குமுன் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள்

அக்கா வீட்டு வாஷிங் மெஷின் 11 வருடம் உழைத்துவிட்டுப் போன மாதம் நின்றுபோனது. "மறுபடியும் டாப் லோடே வாங்கட்டுமா, இல்லை ஃப்ரண்ட் லோடுக்கு மாறிவிடட்டுமா?" என்று போனில் கேட்டாள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. டாப் லோடு என்ற ஒரே பெயரில் இன்று விற்பவை உண்மையில் இரண்டு வேறு மெஷின்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிப் பெட்டி, மேலே மூடி, வரிசையாகப் பட்டன்கள். மூடியைத் திறந்து அடியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டையும் நான் வைத்திருந்திருக்கிறேன். முதல் மெஷின் நடுவில் தூண் வைத்தது, 9 வருடம் ஓடியது. இப்போது இருப்பது அடியில் தட்டு மட்டும் உள்ளது, 4 வருடம் ஆகிறது. ஃப்ரண்ட் லோடு அம்மா வீட்டில் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் துவைப்பது என் பொறுப்பு. அதனால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி ஈரத்துணியைக் கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாப் லோடின் பலம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கூட்டவும் குறைக்கவும் உங்களை விடாத டாப் லோடை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் தூண் வைத்த மெஷின். அந்தத் தூணுக்கு அஜிடேட்டர் என்று பெயர். அதன் கீழ்ப்பகுதியில் துடுப்பு மாதிரி அகலமான தகடுகள் இருக்கும். அவை இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்பித் துணியை அலைக்கும். நல்ல அஜிடேட்டரில் மேல்பகுதி தனியாக இருக்கும், திருகாணி போல வரி போட்டது. அது ஒரே திசையில் மட்டும் சுற்றித் துணியைக் கீழே இழுக்கும். கீழே போன துணி ஓரமாக மேலே வரும், வந்தது மறுபடி நடுவுக்குப் போகும். மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தால், தண்ணீருக்குள் துணி சுற்றிச் சுற்றி முங்கி எழுவது தெரியும். அப்படி முங்கி எழும் வரைக்கும் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். என் பழைய மெஷினில் ஆறாவது வருடம் மேலே போட்ட துணி மேலேயே மிதக்க ஆரம்பித்தது. மோட்டார் போய்விட்டது என்று பயந்தேன். பழுது பார்க்க வந்தவர் அஜிடேட்டரின் மேல்பகுதியைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பினார். ஒரு பக்கம் தாராளமாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தாராளமாகச் சுற்றியது. உள்ளே பல் வைத்த நான்கு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கின்றன, கட்டைவிரல் நுனி அளவுதான், அவை தேய்ந்திருந்தன. நான்கையும் மாற்றினார், பத்து நிமிட வேலை. பழைய மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தாங்களே செய்துபார்க்கலாம். மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அஜிடேட்டரின் குறை என்ன? துணியைத் தேய்க்கிறது. பெட்ஷீட், நாடா வைத்த உடை, நீளமான எதுவும் தூணில் சுற்றிக்கொள்ளும். மெல்லிய துணி சீக்கிரம் நூல் விடும். தொட்டியின் நடுப்பகுதியைத் தூண் பிடித்துக்கொள்வதால் கனமான போர்வைக்கு இடம் போதாது. தண்ணீரும் நிறைய வேண்டும். அந்தக் காலத்துப் பெரிய அஜிடேட்டர் மெஷின்கள் ஒருமுறை துவைக்க 150 லிட்டர் வரை குடித்தன. இப்போது கழற்றி மாட்டக்கூடிய அஜிடேட்டர் வைத்த மெஷின்களும் வந்துவிட்டன. போர்வை போடும் நாளில் தூணை எடுத்துவிடலாம்.

அடுத்தது தட்டு வைத்தது. அடியில் ஒரு வட்டத் தட்டு, அதன்மேல் மேடு பள்ளமாக நாலைந்து வரிகள். பல்சேட்டர் என்பார்கள், இம்பெல்லர் என்றும் சொல்வார்கள். இதில் துணியைத் தூண் தேய்ப்பதில்லை. தட்டு திரும்புகிறது, தண்ணீர் சுழல்கிறது, துணியோடு துணி உரசி அழுக்கு போகிறது. நடுவில் இடத்தைப் பிடிக்க எதுவும் இல்லாததால் போர்வையும் பெரிய துண்டும் நன்றாக அடங்கும். துணி கிழிவதும் குறைவு. இன்று புதிதாக விற்கும் டாப் லோடுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஆனால் தட்டு வேலை செய்ய வேண்டுமென்றால் துணி நகர வேண்டும். தொட்டியைக் கழுத்து வரை அடைத்தால் அடியில் தட்டு மட்டும் திரும்பும், மேலே கிடக்கும் துணி போட்ட இடத்திலேயே ஊறிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சாயம் போகாத ஒரு கைக்குட்டையை எல்லாத் துணிக்கும் மேலே போடுங்கள். துவைக்க ஆரம்பித்து ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடி மூடி வழியாகப் பாருங்கள். கைக்குட்டை காணாமல் போயிருந்தால், அல்லது வேறு இடத்துக்குப் போயிருந்தால் சரி. போட்ட இடத்திலேயே இருந்தால் துணி அதிகம், இல்லை தண்ணீர் குறைவு. நான் முதல் மாதம் இந்தச் சோதனையைச் செய்தபோது முக்கால் தொட்டிக்கு மேல் போட்ட ஒவ்வொரு முறையும் கைக்குட்டை அசையவே இல்லை. துணியை நடுவில் குவிக்காமல் ஓரமாகச் சுற்றிலும் தளர்வாகப் போடுவதும் அதிலிருந்துதான் பழக்கமானது.

இனி தண்ணீருக்கு வருவோம், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். நவீன டாப் லோடு தண்ணீரைத் தானே முடிவு செய்கிறது. மூடியை மூடியதும் தண்ணீர் விடாமல் தட்டை லேசாக முன்னும் பின்னும் அசைக்கும். திருப்ப மோட்டாருக்கு எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பதை வைத்து உள்ளே எவ்வளவு துணி என்று கணக்கிடும். பிறகு தண்ணீர் விடும். தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே ஓர் உணரிக்குப் போகிறது. தண்ணீர் ஏற ஏற அந்தக் குழாயில் மாட்டிய காற்று அழுத்தப்படும், அந்த அழுத்தத்தை வைத்து மட்டம் தெரிந்துகொள்கிறது. அந்தக் குழாயில் அழுக்கு அடைத்தாலோ குழாய் கழன்றாலோ மெஷின் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், அல்லது பாதியிலேயே நிறுத்திவிடும். எந்திரம் பைத்தியம் பிடித்தது போல நடந்துகொண்டால் முதலில் பார்க்கவேண்டிய இடங்களில் இது ஒன்று.

இந்தக் கணக்கு எடையைப் பொறுத்தவரை ஓரளவு சரியாகத்தான் இருக்கிறது. துணியின் குணம்தான் அதற்குத் தெரியாது. இரண்டு கிலோ டெனிமும் இரண்டு கிலோ பனியனும் அதற்கு ஒன்று. கனமான துண்டு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பாறை மாதிரி உட்கார்ந்துவிடும். நுரையோடு இருக்கும் அந்தத் துண்டை அலச மெஷின் வைத்திருக்கும் தண்ணீர் போதாது. பல மெஷின்கள் அலசும்போது தொட்டியை நிரப்புவதே இல்லை. மேலிருந்து பீச்சி அடித்துக்கொண்டே சுற்றுகின்றன. தண்ணீர் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் துணியின் நடுமடிப்புக்குள் இருக்கும் சோப்பு அப்படியே தங்கிவிடுகிறது.

புது மெஷின் வந்து மூன்றாம் வாரம் என் கறுப்பு சட்டையின் தோளில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. கரையாத வாஷிங் பவுடர். அன்று ஒரு துண்டை எடுத்து, மெஷின் அலசி முடித்த பிறகு ஒரு வாளி சுத்தமான தண்ணீரில் போட்டுக் கையால் நாலு தரம் அமுக்கினேன். தண்ணீர் வெளுத்து, மேலே நுரை வளையம் நின்றது. அதன் பிறகு மூன்று விஷயங்களை மாற்றினேன். பவுடருக்குப் பதில் டாப் லோடுக்கென்று வரும் குறைந்த நுரை லிக்விட். அளவு, பாட்டில் மூடியில் போட்டிருப்பதில் பாதி. தண்ணீர் மட்டத்தைக் கையால் உயர்த்தி, கூடுதலாக ஓர் அலசல். அடுத்த வாரம் அதே துண்டு, அதே வாளி; தண்ணீர் லேசாகக் கலங்கியதோடு சரி, நுரை இல்லை.

இந்த மூன்றில் முதல் இரண்டை யார் வேண்டுமானாலும் எந்த மெஷினிலும் செய்யலாம். மூன்றாவதை மெஷின் அனுமதித்தால்தான் செய்ய முடியும். சில மாதிரிகளில் தண்ணீர் மட்டம் என்று தனிப் பட்டனே இருக்கும். சிலவற்றில் முழுத் தொட்டி என்று ஒரு தேர்வு இருக்கும், அதுவும் குறிப்பிட்ட புரோகிராமில் மட்டும் வேலை செய்யும். சிலவற்றில் எதுவும் இருக்காது, மெஷின் வைத்ததுதான் சட்டம். கடையில் நிற்கும்போது விற்பவரிடம் கேட்காதீர்கள். கையேட்டைத் திறந்து, தினமும் பயன்படுத்தும் சாதாரண புரோகிராமிலேயே தண்ணீர் மட்டத்தை மாற்ற முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். இன்னொன்று, அலசும்போதும் அந்த மட்டம் பொருந்துமா என்பது. துவைக்கும்போது நிறைய விட்டுவிட்டு அலசும்போது பழையபடி பீச்சி அடிக்கும் மெஷினும் உண்டு.

தண்ணீர் நிறைய விட்டால் வீணல்லவா என்று கேட்கலாம். எல்லாத் துணிக்கும் நிறைய விடச் சொல்லவில்லை. லேசான சட்டை, பனியன், உள்ளாடை எல்லாம் மெஷின் கணக்கிலேயே சுத்தமாகிவிடும், வாரத்தில் நான் போடும் ஐந்து முறையில் மூன்று அப்படித்தான். துண்டுக்கும் போர்வைக்கும் குழந்தைத் துணிக்கும் சருமம் எளிதில் தடிக்கிறவர்களின் துணிக்கும் கூட்டிக்கொள்கிறேன். சோப்பு போகவில்லை என்று முழுச் சுற்றையும் மறுபடி ஓட்டினால் மிச்சப்படுத்திய தண்ணீருக்கு இரண்டு மடங்கு செலவாகும்.

சரி, இவ்வளவு தண்ணீர்ப் பிரச்சினை இருக்கும்போது ஃப்ரண்ட் லோடே வாங்கிவிடலாமே? நியாயமான கேள்வி. ஃப்ரண்ட் லோடு துணியைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை. டிரம் படுக்கைவசமாகச் சுற்றி, துணியை மேலே தூக்கிப் பொத்தென்று கீழே போடுகிறது. அடித்துத் துவைப்பது போன்ற வேலை. அதற்கு டிரம்மின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். துவைக்கும் கட்டத்தில் 15 லிட்டர் அளவில், அலசலையும் சேர்த்தால் 50 லிட்டர் பக்கம் முடிந்துவிடும். துணி தேய்வது இன்னும் குறைவு.

வெந்நீர் என்று வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிறது. 15 லிட்டர் தண்ணீரின் சூட்டை இருப்பதைவிட 30 டிகிரி உயர்த்த ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் ஆகும். அதே சூட்டை 50 லிட்டருக்கு ஏற்ற ஒன்றே முக்கால் யூனிட். டாப் லோடில் ஹீட்டர் வைத்த மாதிரிகள் இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் வாரம் முழுக்க வெந்நீரில்தான் துவைப்பேன் என்பவருக்கு டாப் லோடு சரியான தேர்வே அல்ல, ஃப்ரண்ட் லோடுக்குப் போய்விடலாம். வாரம் ஒருமுறை தலையணை உறைக்கும் துண்டுக்கும் மட்டும் வெந்நீர் என்றால் ஹீட்டர் உள்ள டாப் லோடு போதும். ரத்தக்கறை இருந்தால் மட்டும் முதலில் வெந்நீர் வேண்டாம். சூட்டில் அதிலுள்ள புரதம் துணியிலேயே இறுகிவிடும். குளிர்ந்த நீரில் ஊறவைத்துவிட்டுப் பிறகு துவைக்கலாம்.

பிழிவதிலும் ஃப்ரண்ட் லோடு முன்னால்தான். டாப் லோடுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்று. ஃப்ரண்ட் லோடுகள் 1000 முதல் 1400. வேகம் இரண்டு மடங்கானால் பிழியும் விசை நான்கு மடங்காகும். அரை மீட்டர் அகலமுள்ள தொட்டி 700 சுற்றில் துணியை அதன் எடையைப் போல் 135 மடங்குக்கு மேல் விசையோடு சுவரில் அழுத்துகிறது. 1400 சுற்றில் அது 550 மடங்கைத் தொடும். அம்மா வீட்டில் துணியை உதறிக் கொடியில் போடும்போது ஈரம் கையில் ஒட்டாது. என் வீட்டில் துண்டு கனக்கும். வெயில் நன்றாகப் படும் மொட்டை மாடியோ பால்கனியோ இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்குள்ளேயே காயப்போட வேண்டும், அல்லது டிரையர் போட வேண்டும் என்றால் இது பெரிய விஷயம்.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் டாப் லோடிலேயே இருக்கிறேன்? குனிய வேண்டாம் என்பது முதல் காரணம். முதுகுவலி வந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. நேரம் இரண்டாவது. என் மெஷின் 50 நிமிடத்தில் முடித்துக் கொடுப்பதை அம்மா வீட்டு மெஷின் சாதாரண காட்டன் புரோகிராமில் இரண்டு மணி நேரம் இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி மூடியைத் திறந்து, விட்டுப்போன சாக்ஸைப் போடலாம். இரவு முழுக்க ஊறவைக்கலாம். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் வாளியில் எடுத்து மேலிருந்து ஊற்றலாம். எடையும் ஒரு விஷயம். ஃப்ரண்ட் லோடு ஆடாமல் நிற்பதற்காக உள்ளே கான்கிரீட் அல்லது வார்ப்பிரும்புக் கட்டிகளை வைத்திருப்பார்கள். மாடிப்படியில் ஏற்றியவர்களுக்குத் தெரியும். 1937இல் அமெரிக்காவில் பென்டிக்ஸ் வீட்டுக்கென்று முதன்முதலாகக் கொண்டுவந்த தானியங்கி மெஷின் ஃப்ரண்ட் லோடுதான், அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

ஃப்ரண்ட் லோடின் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதன் மடிப்பில் தண்ணீரும் நூலும் தங்கி, துடைக்காமல் விட்டால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் துடைப்பவருக்கு அது பிரச்சினையே இல்லை. எல்லோரும் துடைக்கமாட்டார்கள்.

டாப் லோடு சுத்தமாகவே இருக்கும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பளபளப்பான எஃகுத் தொட்டிக்கு வெளியே இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கையே போகாது. கரையாத சோப்பு, துணி நூல், உப்புத் தண்ணீரின் படிவு எல்லாம் அங்கே வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். துணியில் கறுப்பாகத் துணுக்குத் துணுக்காக ஒட்டி வந்தால் அது அங்கிருந்து உரிந்து வருவதுதான். மாதம் ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்யும் புரோகிராமைப் போடுங்கள், துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள், நூல் பிடிக்கும் வலையை வாரம் ஒருமுறை கழற்றி அலசுங்கள். அந்த வலை என் மெஷினில் தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாதிரி இருக்கிறது. முதல் முறை கழற்றியபோது ஈரப் பஞ்சு போல உள்ளங்கை நிறைய வந்தது.

இப்போது ஆட்டம், அதிர்வு. டாப் லோடின் தொட்டி நான்கு மூலைகளிலிருந்து கம்பிகளில் தொங்குகிறது, ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஸ்பிரிங். தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதற்குள் உப்புக் கரைசல். தொட்டி சுற்றும்போது அந்தக் கரைசல் பாரத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடிச் சமன் செய்யும். எளிமையான, அழகான ஏற்பாடு. கம்பிகள் தளர்ந்தால் மெஷின் பெட்டியில் தொட்டி இடிக்க ஆரம்பிக்கும். நான்கையும் ஒன்றாக மாற்றிவிட வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை. வாங்கிய புதிதிலேயே இடித்தால் கம்பியைச் சந்தேகப்படாதீர்கள். மெஷினின் நான்கு கால்களும் தரையில் அழுந்தி நிற்கின்றனவா என்று மூலைக்கு மூலை அமுக்கிப் பாருங்கள்.

ஆனால் தண்ணீர் புகாத துணி விஷயத்தில் எந்த ஏற்பாடும் காப்பாற்றாது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மழைக்கோட்டு, மெத்தைக்குப் போடும் நீர்புகா உறை, பின்பக்கம் ரப்பர் ஒட்டிய மிதியடி இவற்றைப் பிழியும் சுற்றில் போடக்கூடாது. சாதாரணத் துணியில் தண்ணீர் ஊடுருவி வெளியேறும். இவற்றில் பை மாதிரி சேர்ந்து நிற்கும். தொட்டி முழு வேகத்தில் இருக்கும்போது அந்தப் பை திடீரென்று புரண்டால் பல லிட்டர் பாரம் ஒரே பக்கம் சாயும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்ப அழைத்தது. சுற்றும்போது கடுமையாக அதிர்ந்து மேல்பகுதி பிய்த்துக்கொண்டு வரலாம் என்பதுதான் காரணம். போர்வை போன்ற பெரிய துணிகளுக்கும் நீர்புகா துணிகளுக்கும் வேகத்தைக் குறைத்துப் பிழியச் சொன்னார்கள். எந்த நிறுவனத்தின் மெஷினானாலும் பௌதிகம் ஒன்றுதான். என் வீட்டில் ஒருநாள் ரப்பர் மிதியடியைத் துண்டுகளோடு சேர்த்துப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். மெஷின் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்ந்திருந்தது, தண்ணீர்க் குழாய் இழுத்துக்கொண்டு நின்றது. இப்போது அந்த மிதியடியைக் கையால்தான் துவைக்கிறேன்.

மூடி பூட்டிக்கொள்வதைப் பலர் தொல்லை என்கிறார்கள். பழைய மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறக்கலாம், தொட்டி நிற்க நேரம் பிடிக்கும், கை உள்ளே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பூட்டு இருக்கட்டும். நடுவில் நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் திறக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைப் பற்றிக் கடையில் நிறையப் பேசுவார்கள். விஷயம் இவ்வளவுதான். பழைய முறையில் மோட்டார் ஓரமாக இருக்கும், பெல்ட் வழியாகத் தொட்டியைச் சுழற்றும். நேரடி இயக்கத்தில் மோட்டார் தொட்டியின் அடியிலேயே பொருந்தியிருக்கும், பெல்ட் இல்லை. நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் 1991இல் இதை வாஷிங் மெஷினுக்குக் கொண்டுவந்தது. சத்தம் குறைவு, தேயும் பாகங்கள் குறைவு. பெல்ட் மெஷின் மோசம் என்று அர்த்தமில்லை. பெல்ட் அறுந்தால் மாற்றுவது சுலபம். மோட்டாருக்குப் பத்து வருட உத்தரவாதம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது மோட்டாருக்கு மட்டும்தானா என்று படித்துப் பாருங்கள். நடைமுறையில் முதலில் பழுதாவது மோட்டார் இல்லை. தண்ணீரை வெளியேற்றும் பம்ப், தண்ணீர் உள்ளே விடும் வால்வு, மூடிப் பூட்டு, எலக்ட்ரானிக் போர்டு இவைதான். போர்டு போனால் செலவு கடுமையாக இருக்கும், அதனால் போர்டுக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதே நான் கேட்கும் கேள்வி.

கொள்ளளவு என்று எழுதியிருப்பது உலர்ந்த துணியின் எடை. ஒரு குளியல் துண்டு அரைக் கிலோவுக்கு மேல் வரும், ஜீன்ஸ் முக்கால் கிலோ, டி-ஷர்ட் 150 முதல் 200 கிராம். கிலோ கூடக் கூடத் தொட்டியின் ஆழமும் கூடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கடையில் நிற்கும்போதே கையை விட்டு அடித்தட்டைத் தொட்டுப் பாருங்கள். விளிம்பில் வயிறு அழுந்தாமல், கால் நுனியில் நிற்காமல் தொட முடிய வேண்டும். அடியில் ஒட்டிக்கொண்ட ஒற்றைச் சாக்ஸை ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் எடுக்கப்போகிறீர்கள்.

புரோகிராம்கள் இருபது இருந்தாலும் பயன்படுவது நான்கு. வைஃபை எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி மட்டும் கட்டாயம் வேண்டும்.

செமி ஆட்டோமேடிக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கூடவே நின்று துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நேரமிருக்கிறது, தண்ணீர் குழாயில் நம்பி வராது, ஒரே சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை துவைக்க வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் நல்லது. தண்ணீர் முழுக்க உங்கள் கையில். வேலையும் முழுக்க உங்கள் கையில்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டாள். அவள் வீட்டில் இரண்டு பையன்கள், இருவரும் மைதானத்தில் விளையாடிவிட்டு மண்ணோடு வருகிறவர்கள். மண்ணைக் கரைத்து வெளியேற்ற நிறையத் தண்ணீர் வேண்டும். அஜிடேட்டர்தான் மண்ணுக்கு நல்லது என்று நான் சொன்னேன். வாராவாரம் நான்கு கனமான போர்வை இருக்கிறது, தூண் வேண்டாம் என்றாள், அதுவும் சரிதான். ஃப்ரண்ட் லோடைப் பாதி மனதோடுதான் விட்டாள், மொட்டை மாடியில் வெயில் இருப்பதால் பிழிவது பிரச்சினை இல்லை என்று முடிவானது. கடைசியில் தட்டு வைத்தது, தண்ணீர் மட்டத்துக்குத் தனிப் பட்டன், ஹீட்டர், கை எட்டும் ஆழம். அவளைவிட உயரம் குறைவான அத்தையைக் கூட்டிப்போய் அத்தை கையை விட்டு அடியைத் தொட்ட பிறகுதான் பணம் கட்டினாளாம்.

மெஷின் வந்த பத்தாம் நாள் வாளிச் சோதனை செய்துவிட்டுக் கூப்பிட்டாள். மெஷின் கணக்கில் விட்டபோது துண்டில் நுரை வந்தது. மட்டத்தை இரண்டு படி உயர்த்தி மறுநாள் போட்டதில் வரவில்லை. "பசங்க சாக்ஸுக்கு மட்டும் இன்னொரு படி ஏத்தணும்போல" என்றாள்.